அப்பத்தா யார் பக்கம்?

நம் இல்லங்களுக்கு நாள்தோறும் ஓர் உறவினர் வருகிறார். அவர் வரும் நேரத்தைக் கணக்கிட்டே சோறு வடிக்கப்படுகிறது. குழந்தை உறங்க வைக்கப்படுகிறது. குடும்பச் செபமாலைகூட அரைமணி நேரம் முன்னதாகத் தொடங்கிவிடுகிறது. அவர் வாய் திறந்தால் வீட்டில் வேறு எவரும் வாய் திறப்பதில்லை. சின்னத்திரை நெடுந்தொடரைத்தான் குறிப்பிடுகிறேன் என்பது வாசக அன்பர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

கல்குளம் வட்டத்திலுள்ள எங்கள் சிற்றூரில், 1980களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1987-இல் இராமாயணத் தொடர் ஒளிபரப்பானபோது, மொழி விளங்காவிட்டாலும் சாதி சமய வேறுபாடின்றி எல்லோரும் அவ்வீடுகளின் முற்றத்தில் கூடினர். 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. பிறகு நம் மொழியிலேயே கதைகள் வரலாயின. 1999-இல் தொடங்கிய 'சித்தி', 2002-இல் வந்த 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளையும் தாண்டி ஓடிய 'கோலங்கள்' ஆகிய யாவும் எங்கள் வீட்டுக் கூடத்தில் குடியிருந்து சென்றவையே.

இத்தொடர்களின் குறைகளை நான் அறியாதவள் அல்லேன். பழிக்குப் பழி, சூழ்ச்சி, ஒட்டுக்கேட்டல் இவையின்றி ஒரு வாரமும் நகர்வதில்லை. ஒரு நாளில் முடிய வேண்டிய வழக்கு ஓராண்டு இழுக்கப்படுகிறது. ஆயினும் 2023-ஆம் ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த தொடர் எதுவென்று எவரேனும் கேட்டால், தயங்காமல் 'எதிர்நீச்சல்' என்பேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வம் இதையும் இயக்கினார். 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 சூனில் நிறைவெய்திய கதை இது. நன்கு படித்த ஜனனி என்னும் பெண், மதுரையில் செல்வாக்கு மிக்க ஆதி குணசேகரனின் கடைசித் தம்பிக்கு மனைவியாகிறாள். அவ்வீட்டில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என மூன்று மருமக்கள் முன்னரே இருக்கின்றனர். கல்வியும் திறமையும் உடைய அவர்களுக்கு வாய்த்த உலகம் அடுக்களை ஒன்றே. ஏன் இப்படி என்று புதியவள் கேட்கிறாள். ஒரு கேள்வியால் ஒரு வீடே அதிர்கிறது.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8-ஆம் நாள், அத்தொடருக்குக் குரல் கொடுக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் காலமானார். இரவுதோறும் அந்தப் பாத்திரத்தைச் சபித்த பெண்களே அன்று அந்த நடிகருக்காகக் கண்ணீர் வடித்தனர். பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்று பகுத்தறியத் தெரிந்தவர்கள் நம் பெண்கள். அவர்களை அறிவற்ற கூட்டமென்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இதே காலத்தில் கடல் கடந்தும் இத்தகைய ஒரு கதை ஓடியது. என் தங்கை மகள் வளைகுடா நாடொன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அறைத் தோழியர் பிலிப்பைன்ஸ் நாட்டினர். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டிலும் இரவுத் தொடர்களுக்குக் குறைவில்லை. 2022 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை அங்கு ஒளிபரப்பான 'மரியா கிளாரா அட் இபாரா' என்னும் தொடரை, தோழியர் கைப்பேசியில் பார்க்கும்போது இவளும் உடனிருந்து பார்த்திருக்கிறாள். அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் 1887-இல் வெளியிட்ட நாவலுக்குள், இக்காலத்துச் செவிலியர் மாணவி ஒருத்தி எவ்வாறோ புகுந்துவிடுகிறாள். ஸ்பானியர் ஆட்சிக்காலத்துப் பெண்களின் அடக்குமுறை வாழ்வைக் கண்டு, ஏன் இப்படி என்று அவளும் கேட்கிறாள். மதுரையானால் என்ன, மணிலாவானால் என்ன? படித்த பெண் பழைய வீட்டினுள் கால் வைக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான் போலும்!

இனி என் மயினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் மறைந்தபின் அந்தக் குடும்பத்தைத் தாங்கி நிற்பவர் அவரே. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மருமகள் அறிவியலில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவள். இரவு ஒன்பதரை மணிக்கு மாமியும் மருமகளும் அருகருகே அமர்ந்து 'எதிர்நீச்சல்' பார்ப்பர். "இந்தப் பாவி நல்லாயிருப்பானா? படிச்ச பிள்ளைகளை இப்படி அடைச்சுப் போடுகானே!" என்று மயினி குணசேகரனை ஏசாத இரவில்லை.

2023 சூனில் பள்ளி திறக்கும் வேளையில், இரண்டு மைல் தொலைவிலுள்ள ஒரு பள்ளியிலிருந்து மருமகளுக்குத் தற்காலிக ஆசிரியைப் பணிக்கு அழைப்பு வந்தது. மயினி உடனே மறுத்துவிட்டார். "பிள்ளைக்கு யார் சோறு கொடுப்பது? அந்தச் சம்பளத்தில்தானா இந்த வீடு நடக்கப் போகிறது? நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" மருமகள் மறுமொழி கூறாமல் அடுக்களைக்குள் சென்றாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் மட்டும், தலையைச் சாய்த்து, "பாட்டி, அப்போ நீங்கதான் நம்ம வீட்டுக் குணசேகரனா?" என்று கேட்டுவிட்டான். சிரிப்பதா, அவன் வாயைப் பொத்துவதா என்று எவருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் மயினி என்னிடம் மனம் திறந்தார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பத் தாளும் வாங்கி வைத்திருந்தாராம். அதற்குள் திருமணம் பேசி முடித்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் கேட்டபோது, "மருமகள் சம்பாதித்துத்தான் உலை வைக்க வேண்டுமா?" என்றாராம் மாமியார். பின்னர் வறுமை வந்தபோது அதே மாமியார் முந்திரி ஆலைக்கு அனுப்பினார். கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களை என்னிடம் நீட்டி, "எனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கிறதே என்று என் மனசுக்குள் ஒரு முள் கிடக்கிறது" என்றார்.

அந்த முள்தான் நம் குடும்பங்களின் உண்மையான கதை என்று எனக்குத் தோன்றிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் நம் குமரி மாவட்டமே, 91.75 விழுக்காடு. பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லோம். ஆனால் பெற்ற பட்டம் பீரோவுக்குள் சேலைகளோடு மடிந்து கிடக்கும் இல்லங்கள் எத்தனை! அவற்றை அடைத்து வைப்பது எப்போதும் ஓர் ஆணின் கைதானா? தான் பட்ட துன்பத்தை மறக்க இயலாத மூத்த பெண்ணின் கையும் அங்கே இருப்பதுண்டு.

'எதிர்நீச்சல்' எனக்குப் பிடித்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அக்கதையில் மூத்த பெண்கள் இருவர் உளர். ஒருவர் குணசேகரனின் தாய் விசாலாட்சி. மகன் சொல்லுக்கு மறுசொல் இல்லாதவர். மற்றவர் பட்டம்மாள் என்னும் அப்பத்தா. சொத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு உரியவர். அவ்வுரிமையின் துணிவோடு அவர் மருமக்கள் பக்கம் நிற்கிறார். இருவரும் பழைய காலத்தவரே. ஒருவர் பூட்டுக்குக் காவலிருக்கிறார். மற்றவர் சாவியை நீட்டுகிறார். இளையவள் எத்தனை கேள்வி கேட்டாலும், மூத்தவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதைப் பொறுத்தே வீட்டின் கதவு திறக்கிறது.

இதை நான் மயினியிடம் விரித்துரைக்கவில்லை. "மயினி, வீட்டுக்கு ஒரு அப்பத்தா போதும்" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் அவர் எவரோடும் அதிகம் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் மருமகளைப் பார்த்து, "எட்டரை வண்டிக்குப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாமா?" என்று கேட்டார். மனம் முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். குழம்பில் உப்புக் குறைந்தால் இன்றும் பள்ளிக்கூடத்தின் மீதே பழி விழுகிறது. ஆனால் முதல் மாதச் சம்பளத்தில் மருமகள் வாங்கி வந்த சேலையை, மடிப்புக் கலையாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தி வந்தவரும் அவரே.

நெடுந்தொடர் நல்லதா தீயதா என்று நாம் பல்லாண்டாக வழக்காடுகிறோம். பெட்டியை அணைத்தபின் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பதையே நான் கேட்பேன். திரையில் அழும் பெண்ணுக்காக நாம் சிந்தும் கண்ணீர், நம் அடுக்களையில் நிற்கும் பெண்ணுக்கும் சிறிது மிஞ்சுமானால், அந்த அரைமணி நேரம் வீணன்று.

வாசகச் சகோதரிகளே, உங்கள் இல்லத்திலும் ஒரு சாவி இருக்கக்கூடும். அது யார் கையில் இருக்கிறது?