பம்பாயில் ஒரு கிராமம்

பம்பாய் நகரத்தின் நட்டநடுவில் ஒரு கிராமம் இருக்கிறது என்று சொன்னால் நேயர்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் பெயர் என்னவோ அப்படித்தான் வழங்குகிறது: கிரண்காவ். "காவ்" என்றால் மராத்தியில் ஊர். "கிரணி" என்றால் ஆலை. நம் ஊர் நாட்டு வைத்தியர்கள் "கிராணி" என்று ஒரு வயிற்று நோயைச் சொல்லுவார்கள். அதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இந்தக் கிராமத்துக்கு எல்லைக் கல் கிடையாது. பைகுல்லாவில் ஆரம்பித்து லால்பாக், பரேல், வொர்லி, தாதர் வரையில் பரந்து கிடக்கிறது. மாதுங்காவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். மாதுங்காவில் நல்ல காப்பி கிடைக்கும். ஆகையால் வழிகாட்டிகளும் கிடைப்பார்கள். இருவரும் உள்ளூர் ரயிலேறிக் கர்ரி ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம்.

"இங்கேயிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிஷத்தில் ஓர் ஆலைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம், ஸார்! அந்தக் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிற்று. இப்போது லிப்ட் ஓடுகிறது" என்றார் நண்பர்.

பம்பாயின் முதல் பருத்தி ஆலையைக் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்ஸி கனவான் 1854-ம் வருஷத்தில் ஸ்தாபித்தார். இரண்டு வருஷம் கழித்து அது தார்தேவில் நூற்கத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் துணிந்தார்கள். கொங்கணக் கரையிலிருந்தும் தக்காண மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆலைகளைச் சுற்றிச் "சால்" என்று வழங்கும் நீண்ட வரிசை வீடுகள் எழுந்தன. ஓர் அறையில் ஒரு குடும்பம். சில சமயம் இரண்டு. குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு அண்டை வீட்டு அம்மாள் ஒருத்தி சோறு பொங்கிப் போடுவாள்.

இந்த ஜனங்களுக்கு நமது தேசம் பட்டிருக்கும் கடன் சிறிதல்ல. 1908-ம் வருஷம் ஜூலை மாதத்தில் லோகமான்ய திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை விதித்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாள் ஆலைத் தொழிலாளிகள் வேலைக்குப் போகவில்லை. அதே வருஷத்தின் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளை நடத்திய வேலை நிறுத்தத்தைத் தமிழர்கள் அறிவார்கள். 1930-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதியன்று, அந்நியத் துணி ஏற்றி வந்த லாரியை மறித்து அதன் சக்கரத்தடியில் உயிர் கொடுத்த பாபு கேனுவும் ஒரு பம்பாய் ஆலைத் தொழிலாளிதான்.

பிற்பாடு காலம் மாறியது. யந்திரங்கள் கிழடு தட்டின. முதலாளிகள் புதிது வாங்கவில்லை. 1982-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா ஸாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த வேலை நிறுத்தம் முடிந்துவிட்டதாக இன்று வரையில் யாரும் அறிவிக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்குமேல் நீடித்து, பசியினால் தானாகவே கரைந்து போயிற்று. திரும்பி வந்த பலருக்கு வேலை இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மூடின ஆலைக்குள்ளே மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: நிலம்.

மொத்தம் 58 ஆலைகள். சுமார் 600 ஏக்கர். அவற்றில் 25 ஆலைகள் தேசிய ஜவுளிக் கழகத்தின் உடைமை, அதாவது நம் எல்லாருடைய பொதுச் சொத்து. தனி மனிதனுக்குத் திறந்த வெளி ஒன்றேகால் சதுர மீட்டருக்குமேல் தேறாது என்று கணக்கிடப்பட்ட நகரம் அது. ஒரு கோரைப் பாயை முழுவதும் விரிக்க இடம் போதாது! அப்பேர்ப்பட்ட நகரத்தின் மத்தியில் 600 ஏக்கர் ஓய்ந்து கிடந்தால், அதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அதிர்ஷ்டத்தை அடையாளம் கண்டுகொண்ட உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். 1991-ம் வருஷத்து நகர அபிவிருத்தி விதிகளில் ஐம்பத்தெட்டாவது விதி இதற்காகவே எழுதப்பட்டது. (ஆலைகளும் ஐம்பத்தெட்டு, விதியும் ஐம்பத்தெட்டு. ஜோசியர்கள் கவனிக்கவும்.) ஆலை முதலாளி நிலத்தை விற்கவோ கட்டவோ விரும்பினால் தாராளமாகச் செய்யலாம்; ஆனால் நிலத்தை மூன்று கூறு போட வேண்டும். ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்தில் நூற்றுக்கு 33 பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்கும் நகரசபையைச் சேரும். 27 பங்கு எளியவர்களுக்கு வீடு கட்ட வீட்டு வசதி வாரியத்தைச் சேரும். பாக்கி 40 முதலாளிக்கு. நிலம் பெரிதாக ஆக முதலாளியின் பங்கு குறையும். பத்து ஹெக்டேரைத் தாண்டினால் அவருக்கு 30 பங்குதான். கூட்டுக் குடும்பத்தில் பாகப் பிரிவினை செய்யும் பெரியவர்கள்கூட இவ்வளவு நியாயமாக எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்.

1996-ல் கட்டட நிபுணர் சார்லஸ் கொரியாவின் தலைமையில் ஒரு கமிட்டியும் ஏற்பட்டது. ஆலை ஆலையாகத் துண்டு துண்டாய்ப் பார்க்காமல் எல்லா நிலத்தையும் ஒரே படத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது அந்தக் கமிட்டியின் கருத்து. துண்டு நிலங்களைச் சேர்த்தால் பெரிய பூங்கா கிடைக்கும். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜனங்கள் நடக்க இடம் கிடைக்கும். தெரு தெருவோடு சேரும்.

பிறகு 2001-ம் வருஷம் வந்தது. விதியைத் திருத்தினார்கள். திருத்தம் மிகச் சிறியது. ஒரு சொல்லைப் பற்றியது. பங்கிட வேண்டியது "காலி நிலம்" மாத்திரமே என்று ஆயிற்று. காலி நிலம் என்றால் என்ன? கட்டடம் இல்லாமல் ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் நிலம். ஆலைக் கட்டடம் நின்ற இடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் அது காலி நிலம் ஆகாது!

நேயர்கள் ஒரு பஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். நூற்பு மண்டபம், தறி மண்டபம், சாயக் கூடம், பாய்லர் அறை, பஞ்சு கிடங்கு என்று மதிலுக்குள் பெரும்பாகம் கூரைதான். கூரை இல்லாத இடம் வண்டி திரும்பும் முற்றமும், யந்திரத்துக்குத் தண்ணீர் தேக்கும் குளமுமே. அந்த முற்றத்தையும் குளக்கரையையும் மூன்றாகப் பங்கிட்டால் நகரத்துக்கு என்ன மிஞ்சும்? பெரிய இலை போட்டு ஊறுகாயை மட்டும் பரிமாறிய கதைதான்.

இதை எதிர்த்துச் சுற்றுப்புறக் காவல் சங்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கு நடந்த 2005-ம் வருஷத்திலேயே, ஜூலை 26-ந் தேதி, ஸாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிப் பம்பாய் மூழ்கியது. தண்ணீர் உறிஞ்ச மண் வேண்டும் என்பதை அன்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்டோபரில் ஹைகோர்ட்டு சங்கத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. 2006 மார்ச்சில் ஸுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்து, 2001-ம் வருஷத் திருத்தம் செல்லும் என்று கூறிவிட்டது. சட்டம் அறிந்தவர்கள் அது சரியான தீர்ப்பா என்று வாதாடட்டும். சட்டப்படி செல்லுபடியானது என்பதனாலேயே ஒரு காரியம் புத்திசாலித்தனமானது ஆகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

பொதுச் சொத்து போன விதத்துக்கு ஓர் உதாரணம். தேசிய ஜவுளிக் கழகத்தின் மும்பை டெக்ஸ்டைல் ஆலை நிலம், பதினேழு ஏக்கர் சொச்சம், 2005-ல் 702 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. வாங்கியவர்கள் 2012-ல் சுமார் 2,700 கோடிக்கு மறுபடியும் விற்றார்கள். ஏழு வருஷத்தில் மண் கொடுத்த மகசூலைப் பார்த்தீர்களா? தஞ்சாவூர் மிராசுதார் யாராவது கேட்டால் மூர்ச்சை போட்டு விடுவார்.

லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கியை இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் பெரிய கடைவீதி, பளபளக்கும் கண்ணாடி, கைப்பை ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு நண்பர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். ஜனங்கள் சந்தோஷமாகத்தான் உலாவுகிறார்கள். அதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் உட்கார ஒரு மர நிழல் தேடினால் கால் கடுத்ததுதான் மிச்சம்.

அங்கிருந்து வடக்கே அடுத்த ஸ்டேஷன் பிரபாதேவி. முன்பு அதற்கு எல்பின்ஸ்டன் ரோடு என்று பெயர். ஆலைகள் இருந்த இடங்களில் காரியாலயங்கள் அடுக்கடுக்காய் உயர்ந்தன. ஆனால் அங்கே வருகிறவர்கள் நடக்கும் பாலம் மட்டும் அகலவில்லை. 2017-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி காலையில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பாலத்தின் படிக்கட்டில் மாண்டார்கள். கொரியா கமிட்டி விரும்பிய அந்த ஒரே படத்தை யாராவது விரித்து வைத்துப் பார்த்திருந்தால், ஸ்டேஷன் வாசலில் கொஞ்சம் இடம் விட்டிருக்கமாட்டார்களா?

நிலத்தை அளப்பதில்தான் இவ்வளவு சச்சரவும். நிலத்தைச் சோதிப்பதைப் பற்றி அநேகமாகப் பேச்சே எழவில்லை. நூறு வருஷம் தொழில் நடந்த மண் வயல் மண் அல்ல. சாயக் கூடத்தின் கழிவு, யந்திர எண்ணெய், நிலக்கரிச் சாம்பல், கல்நார்க் கூரையின் தூள் எல்லாம் அதில் கலந்திருக்கக்கூடும். எந்த மூலையில் எந்தத் தொழில் நடந்தது என்று பழைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும்; அங்கங்கே துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்க வேண்டும்; கெட்ட மண்ணை அகற்றவோ மூடவோ வேண்டும். பிறகுதான் குழந்தைகளை அங்கே விளையாட விடலாம். கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் மண்ணில் பாதரசம் கலந்திருந்த சமாசாரம் தமிழர்களுக்குத் தெரியும். மாசடைந்த நிலங்களுக்கென்று இந்திய சர்க்கார் தனி விதிகள் வெளியிட்டதே 2025-ம் வருஷத்தில்தான்.

சரி, வீடுகள் என்ன ஆயின? வீடு கேட்டு மனுப் போட்ட தொழிலாளிகளும் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கு அதிகம். 2012-ல் குலுக்கல் நடத்தி 6,925 பேருக்கு வீடு ஒதுக்கினார்கள். 2020 மார்ச்சில் பாம்பே டையிங், ஸ்ரீநிவாஸ் ஆலை நிலங்களில் எழுந்த 3,894 வீடுகளுக்குக் குலுக்கல். வீடு ஒவ்வொன்றும் 225 சதுர அடி. விலை ஒன்பதரை லட்சம். அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு வீடு என்பது கனவிலும் கிடைக்காது. ஆகையால் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்களுக்குப் பன்வேல் பக்கத்திலும், இன்னும் தொலைவில் ஷேலு, வாங்கணி என்னும் ஊர்களிலும் இடம் காட்டுகிறார்கள். 2025 ஜூலையில் முதியவர்கள் ஆஸாத் மைதானத்தில் கூடி, "வீடு பம்பாயிலேயே வேண்டும்" என்று கிளர்ச்சி செய்தார்கள். அவர்களில் பலருக்கு வேலை போனபோது தலை நரைக்கவில்லை.

காரியம் ஆகவே ஆகாது என்றும் சொல்வதற்கில்லை. வொர்லியில் 1920-களில் சர்க்கார் கட்டிய பழைய சால்கள் இருக்கின்றன. சத்தியாக்கிரக நாட்களில் சிறைக்கூடமாகவும் அவற்றை உபயோகித்தார்கள். 160 சதுர அடி அறைகள். அவற்றை இடித்துக் கட்டிய புது மாடிகளில் 2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். குடும்பத்துக்கு 500 சதுர அடி. அதுவும் அதே இடத்தில். அங்கே நிலத்தைச் சர்க்கார் கையைவிட்டு நழுவவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பரேலில் டாட்டா ஆலையின் மதிலை ஒட்டி நடந்தோம். தேசிய ஜவுளிக் கழகத்தின் கையில் மிஞ்சிய சிலவற்றில் அது ஒன்று. 2020 மார்ச் ஊரடங்கில் யந்திரங்கள் நின்றன. மதிலுக்கு மேலே கூரைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"இதில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

நண்பர் கூரைகளை ஒரு தடவை பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். "எண்ணுகிறவரைப் பொறுத்தது, ஸார்!" என்றார்.