சிரட்டையில் ஒரு கோடு

மன்னார் நகருக்குத் தெற்கே உள்ள அரிப்புக்கு அண்மையில் சென்றிருந்தேன். பிரித்தானிய இலங்கையின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டிய 'டொரிக்' மாளிகை கடலரிப்பில் இடிந்து கிடக்கிறது. அதனருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர், நான் பத்திரிகைக்காரன் என்றறிந்ததும், "இப்ப என்ன புதினம் ஐயா?" என்றார்.

பாதி எழுதி வைத்திருந்த கட்டுரையின் செய்தியைச் சொன்னேன். 2014இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர், வளையக்கூடிய பாலிஇமைடு பிளாஸ்டிக் தாளின்மீது, மரப்பலகையில் பெயர் பொறிக்கும் கடைகளில் உள்ளது போன்ற லேசரை ஓட்டினார்கள். ஒளி பட்ட இடம் கணப்பொழுதில் 2500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியது. பழைய பிணைப்புகள் அறுந்தன. கரி அணுக்கள் அறுகோண வலையாகத் தம்மைப் பின்னிக்கொண்டன. அதுவே மின்சாரம் கடத்தும் கிராபீன். மை வேண்டாம், அச்சு வேண்டாம். வரைந்த கோடே கம்பி. தாள் வளைந்தால் அதுவும் உடன் வளையும். 2018இல் அதே குழுவினர் துணியிலும் பாணிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் இவ்வாறு வரைந்து காட்டினார்கள். முதல் ஓட்டத்தில் கரியாவது, மீண்டும் ஓட்டினால் கிராபீனாகிறது.

"சிரட்டையிலயோ! அப்ப சிரட்டைக்கு விலை வரும் எண்டு எழுதப்போறியளோ?"

நான் வாயடைத்துப் போனேன். 'விரைவில் சந்தைக்கு வரும்' என்ற வரியோடு எத்தனை அறிவியற் செய்திகளை முடித்திருக்கிறேன்! வந்தனவா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையின் கடைசி வரியும் அதுவே.

எதிரே முத்துக்கடல். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூச்சடக்கி மூழ்கியவர் தரப்புக்கு ஒன்று. இலங்கைக் காரீயமும் நெடுங்காலம் மண்ணாகவே கப்பலேறியது. அதிலிருந்து கிராபீன் எடுக்கும் ஆய்வு, 2008இல் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் தோன்றிய பின்னரே இங்கே வேரூன்றியது.

"சிரட்டைக்கு விலை வராது ஐயா. அதிலே கோடு போடத் தெரிந்தவருக்குத்தான் வரும்" என்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப, அதை எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்கச் சொல்லி எழுதுங்கோ."

வீடு திரும்பியதும் பழைய கடைசி வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இருப்பது அவருடைய வரி.