ஒப்புக்குச் சப்பாணி

மாலை வேளையில் ஆட்டையாம்பட்டிக் கடைவீதி வழியாக நடந்து போகிறவனுக்கு, எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும் முறுக்கின் வாசனை ஊர் எல்லை வரையில் வழித்துணையாகக் கூடவே வரும். அந்த வாசனையையும் கடந்து, அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கும் கடலைக் காட்டின் வரப்பில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவது பல வருஷங்களாக என் நித்திய வழக்கம். அங்கே பையன்கள் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்கள். சென்ற மாதம் ஒரு நாள், ஆட்டத்தின் நடுவில் நிகழ்ந்தவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வேலியோரத்தில் தன்னந்தனியாக நின்ற பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வீச அவனை யாரும் அழைக்கவில்லை. மட்டை பிடிக்கும் முறை அவனுக்குக் கடைசியில்தான் வரும், அதுவும் பொழுது மிச்சமிருந்தால். ஆனாலும் ஒவ்வொரு முறை பந்து வீசுகிறவன் ஓடி வரும்போதும் அவன் இரண்டு அடி முன்னே வந்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இரு கைகளையும் குவித்துக் காத்திருந்தான். பந்து வேறு பக்கம் போனதும் மறுபடி வேலியோரத்துக்குத் திரும்பினான். அரைமணி நேரத்தில் அவன் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு நம் பாஷையில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு பெயர் உண்டு. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டும் கணக்கில் சேராதவன் அவன். அந்தப் பெயர் எனக்கும் பரிச்சயமானது. பள்ளிப் பருவத்தில் இரண்டு வருஷம் நான் கிரிக்கெட் குழுவின் பன்னிரண்டாவது ஆளாக இருந்தேன். பயிற்சிக்கு ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் ஆட்டத்தன்று காலையில் ஆசிரியர் காகிதத்தைப் பிரித்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினால், எட்டு, ஒன்பது, பத்து என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்து, பதினோராவது பெயரும் வேறொருவனுடையதாகிப் போனபின் அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் அந்தச் சின்னஞ்சிறு சப்தத்தை, இத்தனை காலம் கழித்தும் என் செவி மறக்கவில்லை. அன்று எனக்கு உண்டான துக்கம் இன்னதென்று வீட்டில் யாருக்கும் விளக்கத் தெரியாமல் தவித்திருக்கிறேன்.

அமெரிக்க தேசத்தில் இந்தக் காகித வாசிப்பு ஒரு பருவகாலமாகவே நிகழ்கிறது. அங்கே ஆடப்படும் பேஸ்பால் ஆட்டத்தில் முதல்தரக் குழுக்கள் முப்பது உண்டு. மாசி, பங்குனி மாதங்களில் அவற்றுள் பதினைந்து குழுக்கள் ஃப்ளோரிடாவிலும் பதினைந்து அரிசோனாவிலுமாகத் தங்கி, வரப்போகிற 162 ஆட்டங்களுக்குத் தங்களைப் பதம் செய்துகொள்ளும். பருவம் தொடங்கும் நாளில் ஒவ்வொரு குழுவிலும் 26 பேருக்குத்தான் இடம். முகாமுக்கு வருகிறவர்களோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பெருந்திறமை படைத்தவர்களின் இடம் முன்னமே நிச்சயமாகிவிடுகிறது. மைதானத்தின் கோடியில் நின்று, உயரப் பறந்து வரும் பந்தை ஓடிப் பிடிக்க வேண்டிய வெளிக்காவல்காரர்கள் மூவரே ஆட முடியுமாதலால், நான்காவது ஐந்தாவது இடத்துக்குப் போட்டியிடும் ஒரு மனிதன், பட்டியலிலேயே இல்லாத வெறும் அழைப்பாளனாக வந்து, ஒன்றரை மாத காலம் தினந்தோறும் ஓடியும் எறிந்தும் அடித்தும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்கிறான். ஒரு நாள் காலையில் மேலாளர் அவனைத் தம் அறைக்கு அழைப்பார். அந்தக் கதவைத் தாண்டுவதற்குள் அவன் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை அறிவதற்கு நான் ஃப்ளோரிடாவுக்குப் போக வேண்டியதில்லை.

அந்த விருத்தாந்தத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர் நம் சேலம் ஜில்லாக்காரர்தாம். சின்னப்பம்பட்டியில் பிறந்த தங்கராசு நடராஜனின் தந்தையார் தறித் தொழிலாளி; தாயார் சாலையோரத்தில் சிறு கடை வைத்து நடத்தியவர். ஐந்து குழந்தைகளில் மூத்தவரான நடராஜன், ஏறக்குறைய இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தைத் தவிர வேறொன்றை அறியாமல், ஊர் ஊராக நடக்கும் கோப்பைப் போட்டிகளிலேயே ஆடி வந்தார். அவ்வூரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்னும் நண்பர் அவருடைய ஆற்றலைக் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றிராவிட்டால், எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர்வழிகள் முப்பது வயதில் மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தறிக்குத் திரும்புவதைப்போல அவரும் திரும்பியிருக்கக்கூடும்.

2015 ஜனவரியில் கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் தமிழ்நாட்டுக்காக முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். ஆடிய கையோடு, அவர் பந்து வீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. பிஞ்சுப் பருவத்திலிருந்து உடம்போடு ஊறிப்போன ஓர் அசைவை இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பிரித்தெடுத்து மறுபடி கோப்பது என்பது, நெய்து முடித்த சேலையின் பாவை உருவி மறுபடி தறியில் ஏற்றுவதற்கு ஒப்பான காரியம். அதை அவர் செய்து முடித்தார். 2017-இல் ஐ.பி.எல். போட்டிக்கான ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையிலிருந்து ஏறி, மூன்று கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் குழு அவரை எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். அடுத்த வருஷம் ஹைதராபாத் குழு நாற்பது லட்சத்துக்கு அவரை வாங்கியது. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை.

அந்த இரண்டு வருஷங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பிறகு வந்த புகழை எழுதியவர்கள் அநேகர்; ஆடாத அந்த இரண்டு பருவங்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியவர்கள் சொற்பம். குழுவின் சட்டையை அணிந்துகொண்டு, குழுவின் வண்டியில் ஏறிச் சென்று, வலைக்குள் தம் குழுவின் மட்டையாளர்களுக்கே நாள் முழுவதும் பந்து வீசிவிட்டு, விளக்குகள் எரியும் ராத்திரியில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு விதிக்கப்பட்ட கர்மமாக இருந்தது. காலடியில் வந்து இறங்கும் யார்க்கர் என்னும் அந்தப் பந்து அவர் கைக்கு இத்தனை சுத்தமாக வசப்பட்டது, யாரும் எண்ணி வைக்காத அந்த வலைப் பந்துகளாலும்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2020-இல் பெருந்தொற்றின் காரணமாக ஐ.பி.எல். போட்டி அரபு நாட்டில் நடந்தபோது, பதினாறு ஆட்டங்களில் பதினாறு விக்கெட்டுகள் எடுத்தார். நவம்பர் 6-ஆம் தேதி அபுதாபியில் டிவிலியர்ஸ் என்னும் மகாசூரரின் ஸ்டம்பை ஒரு யார்க்கரால் சாய்த்தார். ஆயினும் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது ஆட்டக்காரராக அன்று, நெட் பௌலராகத்தான். கமலேஷ் நாகர்கோட்டி, கார்த்திக் தியாகி, இஷான் போரெல், நடராஜன் என்று நால்வர். மட்டையாளர்கள் பழகுவதற்காகப் பந்து வீசிக் கொடுப்பது அவர்கள் வேலை. வலைக்குள் அவர்கள் விராட் கோலியையே வீழ்த்தினாலும் அது எந்த ஏட்டிலும் ஏறாது.

பின்பு நடந்தது நாடறிந்த கதை. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். அவருக்குப் பதிலாக இருபது ஓவர் குழுவில் நடராஜன் சேர்க்கப்பட்டார். நவ்தீப் சைனிக்கு முதுகு வலி; ஒருநாள் குழுவிலும் இடம் கிடைத்தது. டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம், 4-ஆம் தேதி அங்கேயே முதல் இருபது ஓவர் ஆட்டம், அதில் மூன்று விக்கெட்டுகள். தொடரை வென்றபின், தொடர்நாயகன் பரிசைப் பெற்ற ஹார்திக் பாண்டியா அந்தக் கோப்பையை நடராஜன் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டதை நான் கண்ணீருடன் பார்த்தேன். டெஸ்ட் தொடரில் பந்து வீச்சாளர்களுள் ஷமியின் முன்கை முறிந்தது, உமேஷ் யாதவின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் வலி, ஜடேஜாவின் கட்டைவிரல், அசுவினின் முதுகு. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் ஆட்டக்காரராக நடராஜன் களம் இறங்கினார். அவரோடு வாஷிங்டன் சுந்தர் 301. அன்று நம் பக்கத்தில் பந்து வீசிய ஐவரும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்ட் ஆட்டங்களை ஒன்றாகக் கூட்டினால் நான்கே நான்கு. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றறியாத அந்த மைதானத்தில், 328 ரன்களைத் துரத்தி நம்மவர் மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். நடராஜன் முதல் இன்னிங்ஸில் எடுத்த விக்கெட்டுகள் மூன்று.

ஊருக்குத் திரும்பியவரைக் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றிச் சின்னப்பம்பட்டி வீதியில் ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். சில நாட்களில் அவர் பழநிக்குச் சென்று முடி காணிக்கை செலுத்திய படம் பத்திரிகைகளில் வந்தது. மொட்டைத் தலையும் கூப்பிய கையுமாக அந்தப் படத்தில் நிற்கிறவரைப் பார்த்தபோது, எனக்கு ஒரு விசாரம் உண்டாயிற்று. இவருக்குக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னால் வேறொருவரின் தோளோ முதுகோ காலோ வலித்திருக்கிறது. அந்த வலியை இவர் விரும்பியிருக்க மாட்டார். என்றாலும் அது நேராமல் இவர் பெயர் வாசிக்கப்பட்டிராது. ஓரத்தில் காத்திருப்பவனுக்கு உள்ள ஆகக் கொடிய சோதனை இதுவென்று தோன்றுகிறது. பள்ளி நாளில், பதினோரு பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட ஒரு காலையில் என் மனம் ஒரு கணம் துள்ளியதும், மறுகணமே அதற்காக நான் வெட்கித் தலைகுனிந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கதவு எப்படித் திறந்ததோ அப்படியே அடைபட்டது. 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் பதினான்கு ரன் வேண்டியிருந்தது. சாம் கரன் 95 ரன்களோடு ஆட்டமிழக்காமல் நிற்க, நடராஜன் ஆறே ரன் கொடுத்து ஆட்டத்தைக் காத்தார். அடுத்த மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இந்தியாவுக்காக அவர் ஆடியவை ஒரு டெஸ்டும் இரண்டு ஒருநாள் ஆட்டங்களும் நான்கு இருபது ஓவர் ஆட்டங்களுமே. 2024-இல் ஹைதராபாத்துக்காக 19 விக்கெட்டுகள் எடுத்தும், அந்த வருஷத்து உலகக் கோப்பைக் குழுவில் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. அவரோ இதற்கு ஒரு வருஷம் முன்பே தம் ஊரில் ஒரு மைதானம் அமைத்துவிட்டிருந்தார். 2023 ஜூனில் கிரிக்கெட் ஆட்டக்காரர் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்துவைத்தார்.

நெட் பௌலர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் மற்ற மூவரும் அந்தப் பயணத்தில் ஒரு சர்வதேச ஆட்டத்திலும் ஆடவில்லை. காபா வெற்றியை நினைக்கும்போதெல்லாம் நான் அவர்களையும் சேர்த்தே நினைக்கிறேன். அடிலெய்டில் 36 ரன்களுக்குச் சுருண்டுபோன ஒரு குழு ஒரே மாதத்துக்குள் தலைநிமிர்ந்தது என்றால், அதன் மட்டையாளர்கள் அந்நாட்களில் வலைக்குள் எதிர்கொண்ட பந்துகளை யாரோ வீசித்தான் இருக்க வேண்டும். எங்கள் கடைவீதியில் மாவை விரல் நுனியால் திருகித் திருகிச் சுற்றும் பெண்களின் கைகளால்தான் ஊரின் பெயர் வெளியூர்களுக்குப் போகிறது. பொட்டலத்தின்மேல் அச்சாகியிருப்பது கடையின் பெயர்.

சென்ற வாரம் மறுபடி கடலைக் காட்டு வரப்பில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பையன் அதே வேலியோரத்தில் நின்றான். பொழுது மங்கி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் நேரத்தில், யாரோ தூக்கி அடித்த பந்து ஒன்று அவன் பக்கமாக உயர்ந்து வந்தது. நான் என்னையும் அறியாமல் வரப்பிலிருந்து எழுந்துவிட்டேன். பந்து அவன் தலைக்கு மேலாகப் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. அவன் முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, பந்தைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, முழுப் பலத்தையும் கூட்டி ஒரே எறியாக நடுவே எறிந்தான். பிறகு பந்து வீசுகிறவன் ஓடி வரத் தொடங்கியதைக் கண்டு, இரண்டு அடி முன்னே வந்து கையைக் குவித்து நின்றான்.