நின்றுவிட்ட ரத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் காலமாகி நேற்றோடு ஒரு வருஷம். நாற்பது வருஷம் வெற்றிலை, புகையிலை. சோறு இறங்கவில்லை என்று காட்டப் போனபோது உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. கீமோ கொடுத்தார்கள், கரண்டு வைத்தார்கள்.

ஒருநாள் காலை நடு நெஞ்சில் வலி என்றார். கஞ்சி குடித்ததும் இரண்டு வாய் ரத்த வாந்தி, நல்ல சிவப்பு. உடனே நின்றுவிட்டது. "கரண்டு வச்ச சூடுதான் தம்பி, மோர் குடிச்சா சரியாப் போகும்" என்றார். நானும் நம்பி மோர் கொடுத்தேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து யானைமலையைப் பார்த்தபடி நன்றாகத்தான் பேசினார். ராத்திரி வேட்டி, பாய் எல்லாம் நனைய ரத்தம். 108-ல் ஏற்றி, மாட்டுத்தாவணி தாண்டி மருத்துவமனை போவதற்குள் நினைவு தப்பிவிட்டது.

சி.டி. ஸ்கேன் பார்த்த டாக்டர், "புற்று அரித்துப் பெருந்தமனியில் ஓட்டை விழுந்திருக்கு. ரத்தக்கட்டி தற்காலிகமா அடைச்சிருக்கு. காலையிலேயே வந்திருக்கலாமே சார்" என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

முப்பத்து நாலு வருஷம் உங்களுக்கு அறிவியல் நடத்தினேன். உணவுக்குழாயை ஒரு படத்திலும் பெருந்தமனியை இன்னொரு படத்திலும் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன். நெஞ்சுக்குள் இரண்டும் ஒட்டி இறங்குகின்றன என்று ஒருநாளும் சொன்னதில்லை. நெஞ்சுவலி, சிறு ரத்தம், பிறகு ஒரு அமைதி, அதன்பின் பெருக்கு. இந்த வரிசையை ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் 1914-லேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த அமைதி சில மணி நேரமும் இருக்கலாம், சில நாளும் இருக்கலாம். சிகிச்சைக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.

நெஞ்சைத் திறக்கவில்லை. தொடையில் உள்ள தமனி வழியே துணி போர்த்திய கம்பிக்குழாயை மேலே கொண்டுபோய், பெருந்தமனிக்குள் விரித்து ஓட்டையை அடைத்தார்கள். என் பழைய மாணவர்கள் ஆறு பேர் நள்ளிரவில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்களை மறக்க மாட்டேன்.

"இது ரத்தத்தை நிறுத்தும், புற்றைக் குணமாக்காது. கிருமி தொற்றவும் வாய்ப்பிருக்கு" என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். கேட்டுத்தான் அண்ணி சம்மதித்தார். அண்ணன் அதன்பின் எழுபது நாள் இருந்தார். வாய்வழி ஒன்றும் இல்லை, வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் ஆகாரம். பல வருஷம் பேசாதிருந்த தங்கையை வரச்சொல்லிப் பேசினார். எனக்கு அது போதும்.

ரத்த வாந்தி எல்லாமே இந்தக் காரணத்தால் வருவதில்லை. குடல்புண், கல்லீரல் கோளாறிலும் வரும். எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. அதனால் யாருக்கு வந்தாலும், குறிப்பாக இந்த நோய் உள்ளவருக்கு வந்தால், நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். வாயில் எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வகுப்பில் விட்டுப்போன பாடத்தை இன்று நடத்திவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார், ஒத்தக்கடை