ஜர்கின் ஜிப்



மார்கழியில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு பைக்கில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், ஜர்கின் ஜிப் பிளந்துகொண்டால் குளிர் நேராக நெஞ்சில் ஏறும். உடனே ஜர்கினையே தூக்கிப் போடுகிறோம்.

பெரும்பாலும் கோளாறு பற்களில் இல்லை, ரன்னரில். இழுத்து இழுத்து அதன் வாய் அகன்றிருக்கும். பற்களை அழுத்திக் கோக்காது. ரன்னரைக் கீழே இறக்கி, பற்கள் சேர்ந்து வெளிவரும் பக்கத்தின் இரு ஓரங்களையும் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். ஓங்கி அழுத்தினால் உடைந்துவிடும். பல் உதிர்ந்திருந்தால்தான் தையற்கடை.

1913-ல் சண்ட்பேக் என்ற பொறியாளர் வடிவமைத்த முறைதான் இன்றும்.

போன வாரம் பேரனின் ஜர்கினை இப்படித்தான் சரிசெய்தேன். அவன் அப்பா போட்டது; தூக்கிப் போட அவனுக்கு மனமில்லை. ஓட்டம் இறுக்கமாக இருந்ததால் பற்களில் பென்சில் கரியைத் தேய்த்தேன். வாத்தியார் வீட்டில் பென்சிலுக்கா பஞ்சம்!