தூரம்

வங்கியில் என் மேஜைக்கு வரும் கல்விக் கடன் விண்ணப்பங்களில், வெளிநாட்டுப் படிப்பால் கிடைக்கப்போவது சம்பளம் மட்டும்தான். வேறு பதில் எழுத அதில் இடமில்லை. நானும் போக ஆசைப்பட்டவன், போகவில்லை. அந்தக் கசப்போடுதான் அவற்றைச் சரிபார்க்கிறேன்.

அப்போதெல்லாம் ஏ. கே. ராமானுஜன் ஞாபகம் வரும். மைசூரில் பிறந்தவர், வீட்டில் தமிழ். 1959இல் அமெரிக்கா போய், இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடப்போனவர் கையில் அகப்பட்டது உ. வே. சா. பதிப்பித்த குறுந்தொகை. அதிலிருந்து பிறந்தது 1967இல் வந்த 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்'.

இதை அந்நிய மண்ணின் மகிமை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வீட்டில் புழங்கும் பாஷை கண்ணில் படுவதில்லை. படுவதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டியிருக்கிறது. தூரம் மட்டும் போதாது. அங்கே போயும் அவர் தமிழைத் தேடினார்.

நான் குறுந்தொகையை முதலில் படித்தது அவருடைய ஆங்கிலத்தில்தான், பி.ஏ. படிக்கும்போது. மூலம் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது, தாத்தா பென்சிலால் கோடிட்ட பிரதி. அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துதான் மூன்று வருஷம் ஷேக்ஸ்பியரை நெட்டுருப் போட்டேன்.

போகவில்லை என்பதை இனி ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.