கல்லைப் படிக்க விரும்பும் பெண்

சித்திரை 27

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில் எங்கள் அரியலூரில் எந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும், பேச்சு மதிப்பெண்ணில் தொடங்கிக் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங்கில் வந்து நிற்கிறது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணிக்கப்படும் அந்தக் கட்-ஆஃப் எண், ஒரு குழந்தையின் சுபாவத்தையும் விருப்பத்தையும் வருங்கால ஜீவனத்தையும் ஒருங்கே நிர்ணயித்துவிடும் என்று பெற்றோர் மனப்பூர்வமாக நம்புவதைக் காணும்போது, நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் பணிபுரிந்த எனக்கு வருத்தமே மிகுகிறது. எந்த வாசல் வழியே உள்ளே விடுவார்கள் என்பதை அந்த எண் சொல்லும். உள்ளே போனபின் நாள்தோறும் செய்யவேண்டிய காரியம் இன்னதென்று அது ஒருநாளும் சொல்லாது.

இன்று மாலை என் தங்கையின் மகன் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தான். அவளுடைய எண் 181. “மாமா, இந்த மார்க்குக்கு நல்ல காலேஜிலேயே கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். இவளோ ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும்” என்றான். அவன் சுண்ணாம்புக்கல் சுரங்கமொன்றில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவன். கல் என்றால் அவனுக்குத் தூசியும் லாரியும் இருமலுமே. அவனுடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

சித்திரை 29

இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குக் கல்லின்மேல் ஆசை பிறப்பதில் வியப்பில்லை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவியிருந்த பிரதேசம் இது. இங்குள்ள பாறை அடுக்குகளை ஆராய்ந்து, அவற்றை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப்பெயர்களாலேயே தொகுதிகளாக வகுத்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியிட்ட நூல் இன்றளவும் அத்துறை மாணவர்களுக்கு ஆதாரமாக விளங்குகிறது. அண்டையிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடப்பதை 1940-இல் உலகறியச் செய்தவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சைச் சீமையைச் சேர்ந்த மகாராஜபுரத்தில் பிறந்து, அதே ஆய்வுத்துறைக்கு முதல் இந்தியத் தலைவராக உயர்ந்தவர் அவர். பேத்தி சிறுவயதில் அந்தக் கல்மரத்தைப் பார்த்தவள். ஓடைக்கரையில் பொறுக்கிய கல்சிப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒரு பொருளைக் கண்டு அதிசயிப்பது வேறு. அந்தப் பொருளைப் பற்றிய சாஸ்திரத்தை மூன்று வருஷம் அன்றாடம் பயில்வது வேறு. இந்த வேறுபாட்டை எண்ணிப் பாராமல் பட்டப்படிப்பைத் தேர்ந்துகொள்கிறவர்கள்தாம், கதை படிக்கப் பிடிக்கும் என்பதற்காக இலக்கியத்தில் சேர்ந்து, இலக்கணத்தைக் கண்டதும் மனமுடைந்து போகிறார்கள். ஆகையால் அவளிடம், “அம்மா, சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தை எடுத்து, அதில் உனக்குப் பிடிக்காது என்று தோன்றும் பாடம் எதுவோ அதை முதலில் படித்துப் பார், பிறகு பேசலாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

வைகாசி 3

வந்தாள். பாடத்திட்டத்தில் அவள் ஆசைப்பட்ட தொல்லுயிர்ச் சுவடுகளுக்கு ஒரு பங்குதான் இடமென்றும், எஞ்சியதெல்லாம் படிகங்களின் சமச்சீர், கனிமங்களின் ரசாயனம், பாறையைக் காகிதத்திலும் மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயிற்சி, நிலப்படம் வரைதல் என்று விரிவதாகவும் சற்றே ஏமாற்றத்துடன் சொன்னாள். படிகவியல் கடினமாயிருக்கிறது என்றாள். அப்படிச் சொன்னவள், மாவட்ட நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தைப் பார்த்துப் படிக வடிவங்களை அட்டையில் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். உப்பு ஏன் கனசதுரமாகவே உறைகிறது, குவார்ட்ஸ் ஏன் ஆறு பட்டையாக வளர்கிறது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடினமென்று சொல்லிக்கொண்டே அதைக் கைவிடாமல் மேலும் கேள்வி கேட்கிற மனம் அமைந்திருக்குமானால், அதனையே நான் உண்மையான ஈடுபாடு என்று கொள்வேன்; இனிக்கிற பகுதியில் மட்டும் தோன்றும் ஆர்வத்தை நம்பி ஒரு பட்டத்தில் சேர்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வைகாசி 7

இன்று தகப்பனோடு தனித்துப் பேசினேன். அவனுடைய கேள்வி ஒன்றே: “வேலை கிடைக்குமா மாமா?”

வேலை என்று பொதுப்படச் சொல்வதுதான் இவ்விஷயத்தில் நம்மைக் குழப்புகிறது என்பது என் அபிப்பிராயம். எந்த உத்தியோகம் என்று பெயர் சொல்லி, அதற்கு எந்தப் பட்டத்தைச் சட்டம் கட்டாயமாகக் கேட்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். வைத்தியம், வக்கீல் தொழில், செவிலியர் பணி, மருந்தாளர் பணி, கட்டிடக் கலை ஆகியவற்றுக்கு அந்தந்தப் படிப்பே அனுமதிச் சீட்டு. அதில்லாமல் அத்தொழிலைத் தொடவே முடியாது. மறுபுறம், ஐ.ஏ.எஸ். தேர்வும் நம் மாநிலத்துக் குரூப் 1 தேர்வும் ஏதேனும் ஒரு பட்டத்தைத்தான் கேட்கின்றன. ஆகவே கலெக்டராக வேண்டும் என்பதற்காகப் பிடிக்காத படிப்பில் சேரும் பிள்ளை, யாரும் கேட்காத கப்பத்தைக் கட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, குறித்த பட்டம் இருந்தால் மட்டுமே திறக்கும் சில வாசல்கள் உண்டு. நிலவியல் அவ்வகையைச் சேர்ந்தது.

அவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். 1851-இல் நிறுவப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் ஜியாலஜிஸ்டாகச் சேர, யூ.பி.எஸ்.சி. நடத்தும் தனித்தேர்வை எழுதவேண்டும். அதற்கு முதுகலைப் பட்டம் அவசியம். நம் மாநிலக் கனிமவளத்துறையின் உதவி நிலவியலாளர் பதவிக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும், எண்ணெய் எரிவாயுக் கழகத்துக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். வெறும் பி.எஸ்ஸி. பட்டத்தோடு நின்றுவிட்டால் வாய்ப்புகள் மிகவும் குறைவு. ஆதலால் மூன்று வருஷம் என்று எண்ணிச் சேர்க்கக்கூடாது. ஐந்து வருஷம் படிக்கவைக்க இக்குடும்பத்தால் இயலுமா என்பதை இப்போதே ஆலோசித்துக்கொள்ளவேண்டும். பிள்ளையின் விருப்பத்தைப் போற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

அவன் நெடுநேரம் மௌனமாயிருந்தான். பிறகு, “பெண்பிள்ளை சுரங்கத்தில் இறங்குவதா?” என்றான். 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதைத் தடுத்திருந்தது மெய்தான். 2019-இல் அந்தத் தடையை நிபந்தனைகளுடன் தளர்த்திவிட்டார்கள் என்றேன். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1983-இல் இந்தியக் குழுவோடு அண்டார்க்டிகாவுக்குச் சென்ற முதல் இரு பெண்களில் ஒருவரான சுதீப்தா சென்குப்தா நிலவியல் அறிஞர்தாம் என்பதையும் சொன்னேன். “அவ்வளவு தூரமெல்லாம் வேண்டாம் மாமா” என்றான். ஆயினும் அவன் முகத்தில் சற்றுத் தெளிவு பிறந்திருந்தது.

வைகாசி 8

எழுத விட்டுப்போன ஒன்று. புதிது புதிதாகப் பெயர் சூட்டிய பட்டங்களைப் பற்றியும் எச்சரித்தேன். இன்ன பட்டம் இன்ன பட்டத்துக்குச் சமமானது என்று அரசாணை பிறந்தாலொழிய, அரசு நியமனங்களில் பெயர் மாறிய பட்டத்தை ஏற்பதில்லை. கவர்ச்சியான பெயரில் பட்டம் வாங்கிவிட்டுச் சமானத்துக்காக மனுக்கொடுத்து அலையும் இளைஞர்கள் இருக்கிறார்கள். முதல் பட்டம் அகலமாகவும் பழகிய பெயருடையதாகவும் இருப்பதே நலம்; நுட்பத்தை முதுகலையில் தேடிக்கொள்ளலாம்.

வைகாசி 12

“தவறிப்போனால் என்ன செய்வது?” என்று அவள் தாய் கேட்டாள். நியாயமான கேள்வி. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்தபின்பே அது தமக்குரிய துறையன்று என்று உணர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலில் சேர்ந்தார். சேர்வதற்கான பணத்துக்கு அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்தார். திருத்திக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதன் செலவை வீட்டில் யாரேனும் ஏற்க நேரும். அதனால்தான் இவ்வளவு நாள் உட்கார்ந்து யோசிக்கிறோம் என்றேன்.

நிலவியல் பயிற்றும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் அதிகமில்லை. சென்னையில் மாநிலக் கல்லூரி, சேலத்தில் அரசுக் கலைக் கல்லூரி, திருச்சியில் தேசியக் கல்லூரி, தூத்துக்குடியில் வ.உ.சி. கல்லூரி ஆகியவை நானறிந்தவை. திருச்சி பக்கம் என்பதால் தாய்க்கு அதுவே சம்மதம்.

விருப்ப வரிசையை மூவரும் சேர்ந்து எழுதினோம். முதலில் நிலவியல். கிடைக்காவிட்டால் பௌதிகம், ஏனெனில் அதே ஆய்வுத்துறை ஜியோபிசிசிஸ்ட் பதவிக்குப் பௌதிக முதுகலைப் பட்டத்தையும் ஏற்கிறது. அடுத்தது ரசாயனம், அங்கே ரசாயனப் பகுப்பாய்வாளர்களுக்கும் இடமுண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்து வைப்போம் என்று தகப்பன் சொன்னதை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டருக்கு மேலே கிண்டிப் பொறியியல் கல்லூரியின் சுரங்கப் பொறியியலையும் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸையும் எழுதவேண்டும் என்று பெண் பிடிவாதமாக நின்றாள், எழுதியாயிற்று.

துணைப்பாடமாகக் கணிதத்தை எடுப்பதா, ரசாயனத்தை எடுப்பதா என்று கேட்டாள். அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை; துறைப் பேராசிரியரிடமே கேட்பதற்காகத் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூவரும் திருச்சிக்குப் போகிறோம்.